பறவை பார்க்கப் பழக்கிய மா. கிருஷ்ணன்

காட்பாடி வட்டாரத்தில் ஆடிப்பட்ட நிலக்கடலைக்குப் புழுதி ஓட்டும்போது ஏருக்குப் பின்னாலேயே மைனாவும் உண்ணிக்கொக்கும் நடந்து வருவதை விவசாயிகள் பார்த்திருப்பார்கள். ஆனால் அவை எதைக் கொத்துகின்றன என்று நின்று கவனிப்பவர் குறைவு. அப்படிக் கவனிக்கும் பழக்கத்தைத் தம் எழுத்தால் வளர்த்தவர் காலஞ்சென்ற மா. கிருஷ்ணன்.

நாவலாசிரியர் அ. மாதவையாவின் கடைசி மகனான இவர் 1912-ல் பிறந்தார். 1950 முதல், 1996 பிப்ரவரி 18-ல் மறையும் வரை, கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கை பற்றி எழுதிவந்தார். பத்மஸ்ரீ விருது பெற்றார். இவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்து, 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாகக் கொண்டுவந்தார். யானை, காட்டெருமை பற்றி மட்டுமல்ல, வீட்டுக் கொல்லையில் திரியும் காகம், அணில் பற்றியும் இவர் எழுதினார். அவற்றைப் படித்து, பறவை பார்ப்பதை வாழ்நாள் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் பலர்.

இந்தப் பொழுதுபோக்கு விவசாயிக்கு இரட்டிப்பு லாபம் தரும். கரிச்சான் எனும் இரட்டைவால் குருவி உயரமான இடத்தில் அமர்ந்து, பறக்கும் பூச்சிகளையும் பயிரிலுள்ள புழுக்களையும் பிடித்துத் தின்னும். மானாவாரிக் கடலையைச் சூறையாடும் சிவப்புக் கம்பளிப்புழுவை, அதன் ரோமத்தால், பெரும்பாலான பறவைகள் தொடுவதில்லை. சுடலைக்குயிலோ கம்பளிப்புழுக்களை விரும்பித் தின்னும். கூகை இரவில் வயல் எலிகளை வேட்டையாடும். ஆந்தை அலறினால் சாவு வரும் என்று அதைக் கல்லால் அடித்து விரட்டினால், எலிக்குத்தான் கொண்டாட்டம்.

இப்பறவைகள் வயலில் தங்க உட்காருமிடம் வேண்டும். வரப்போரப் பனைகளை வெட்டிவிட்ட இடங்களில், 'டி' வடிவக் குச்சிகளை ஏக்கருக்கு 20 வீதம், பயிரைவிட ஓரடி உயரமாக நட்டு வைக்கலாம். நெல்லில் கதிர் முற்றத் தொடங்கியதும் இவற்றை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தானியம் தின்னும் குருவிகள் வந்து அமரும்.

புழுவைக் கண்டவுடன் மருந்து தெளிப்பதும் நல்லதல்ல. முதலில் சேதம் எவ்வளவு, பறவை நடமாட்டம் எப்படி என்று பார்த்து, அவசியமானால் மட்டுமே தெளிக்க வேண்டும். விஷம் தின்ற எலியைத் தின்னும் ஆந்தையும் மடியக்கூடும். ஆகவே செத்த எலிகளை அன்றன்றே பொறுக்கி ஆழமாகப் புதைத்துவிட வேண்டும்.

இதற்குப் பெரிய படிப்போ தொலைநோக்கியோ தேவையில்லை. நான்கணா நோட்டுக் காலம் போய்விட்டாலும், பள்ளிப் பிள்ளையின் பழைய நோட்டு ஒன்று போதும். காலையில் தண்ணீர் கட்டும் நேரத்தில் கண்ட பறவை, நாள், அது தின்ற இரை ஆகியவற்றைக் குறித்து வரலாம். ஒரு பட்டம் முடிவதற்குள், தம் நிலத்துக்குக் கூலியில்லாமல் உழைப்பவை எவை என்பது விவசாயிக்கே விளங்கிவிடும். கிருஷ்ணனுக்குச் செய்யும் அஞ்சலியும் அதுவே.