டீச்சர் கண்ணில் படாதது

கரும்பலகைக்கு அப்பால் – 12

1959 ஏப்ரல் 30 அன்று அல்ஜியர்ஸ் நகரத்திலிருந்து ஒரு பழைய தொடக்கப்பள்ளி ஆசிரியர் தன் மாணவனுக்குக் கடிதம் எழுதினார். ஆசிரியர் பெயர் லூயி ஜெர்மேன், வயது எழுபதைத் தாண்டியிருந்தது. மாணவர் ஆல்பெர் காம்யு. வெ. ஸ்ரீராம் மொழிபெயர்ப்பில் தமிழில் பலரும் படித்த ‘அந்நியன்’ நாவலை எழுதியவர். 1957-ல் காம்யுவுக்கு இலக்கிய நோபல் கிடைத்தது. ஆரவாரம் கொஞ்சம் அடங்கியதும், நவம்பர் 19 அன்று, அவர் ஜெர்மேனுக்கு நன்றி சொல்லி எழுதினார். செய்தி வந்ததும் அம்மாவுக்கு அடுத்தபடியாக உங்களைத்தான் நினைத்தேன் என்று அதில் சொல்லியிருந்தார். நோபல் உரைகளைப் புத்தகமாகப் போட்டபோது அதை ஜெர்மேனுக்கே காணிக்கையாக்கினார். 2020-ல் சாமுவேல் பாத்தி என்ற பிரெஞ்சு வரலாற்று ஆசிரியர் கொல்லப்பட்டபோது, சோர்போனில் நடந்த அரசு அஞ்சலியில் காம்யுவின் அந்த நன்றிக் கடிதத்தை வாசித்தார்கள்.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது ஆசிரியர் எழுதிய கடிதம்தான். ஆசிரியர்களைப் பற்றி மாணவர்கள் சொன்னவை நம்மிடம் எத்தனையோ உண்டு. சிவசுப்பிரமணிய ஐயர் ராமேஸ்வரம் கடற்கரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ப் பறவை பறப்பதைக் காட்டிய கதையை அப்துல் கலாம் மேடைதோறும் சொன்னார். இன்று அது தெரியாத பள்ளிப் பிள்ளை இல்லை. வளர்ந்து ஆளாகிவிட்ட மாணவனின் வாழ்க்கையை ஆசிரியர் எந்தக் கண்ணால் பார்க்கிறார் என்பதை ஆசிரியரே எழுதிவைப்பது அபூர்வம். ஜெர்மேன் எழுதியிருக்கிறார்.

காம்யுவைப் பற்றி ஜான்-குளோட் பிரிஸ்வில் எழுதிய புத்தகம் அவர் கைக்கு வந்திருந்தது. அதைப் படித்த கையோடு எழுதுகிறார். உலகம் கொண்டாடும் எழுத்தாளரை ‘என் பிள்ளை’ என்கிற பாசத்தோடுதான் அழைக்கிறார். அக்கறையுள்ள வாத்தியார் பிள்ளைகளைத் தெரிந்துகொள்ளக் கிடைக்கும் எந்தச் சந்தர்ப்பத்தையும் விடமாட்டார், ஒரு பதில், ஓர் அசைவு போதும் என்கிறார். உன் புகழ் உன் தலைக்கு ஏறவில்லை என்பதில் எனக்குச் சந்தோஷம் என்கிறார். இதுவரைக்கும் இது எந்த வாத்தியாரும் எழுதக்கூடிய கடிதம்தான். அதன் நடுவே அவர் இன்னொன்றும் சொல்கிறார்: வகுப்பில் உன் முகத்தைப் பார்த்து உன் வீட்டு நிலைமையை நான் ஊகிக்கவே இல்லை. உதவித்தொகைத் தேர்வுக்கு உன் பெயரைச் சேர்ப்பது பற்றி உன் அம்மா என்னைப் பார்க்க வந்தபோதுதான் லேசாகப் புரிந்தது. அதுவரை மற்றப் பிள்ளைகளைப்போலத்தான் நீயும் இருந்தாய். வேண்டியது எல்லாம் உன்னிடம் இருந்தது. நல்ல துணிதான் உடுத்தி வந்தாய்.

அந்த வீட்டு நிலைமை என்ன? அப்பா முதல் உலகப் போரில் காயம்பட்டு 1914 அக்டோபரில் இறந்துவிட்டார். பிள்ளைக்கு அப்போது ஒரு வயதுகூட நிரம்பவில்லை. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, காதும் சரியாகக் கேட்காது. பிறர் வீடுகளைக் கழுவித் துடைத்துப் பிழைத்தார். பெல்கூர் என்ற உழைப்பாளிகள் குடியிருப்பில் பாட்டியின் அதிகாரத்தில் நடந்த வீடு. பையன் தொடக்கப்பள்ளி முடித்ததும் வேலைக்குப் போய்ச் சம்பளம் கொண்டுவர வேண்டும் என்பது பாட்டியின் முடிவு. அந்தப் பாட்டியைச் சம்மதிக்க வைத்ததும், பள்ளி நேரத்துக்குப் பிறகு காசு வாங்காமல் பாடம் சொல்லி 1924-ல் உதவித்தொகையோடு லிசே என்ற மேல்நிலைப் பள்ளியில் சேர வைத்ததும் ஜெர்மேன்தான். இவ்வளவு செய்தவர், மாணவனின் வாழ்க்கை அச்சேறிப் புத்தகமாக வந்த பிறகு அதைப் படித்துவிட்டு, தன் வகுப்பில் தான் பார்க்கத் தவறியதைச் சொல்கிறார். நோபல் வாங்கிய கதையைப் பற்றி மட்டும் பூரிப்பாக எழுதியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கிட்டத்தட்ட முப்பத்தைந்து வருடம் கழித்து ஓர் ஆசிரியரின் நினைவு பழைய வகுப்பறைக்கே போய், அங்கே விட்டுப்போனதைத் தேடுகிறது. நல்ல ஆசிரியர்கள் பலர் பழைய மாணவரைப் பார்க்கும்போது இதைத்தான் செய்கிறார்கள் என்பது, இந்தத் தொடருக்காக இத்தனை வாரமாக அவர்களோடு பேசியதில் எனக்கு உறுதியாகியிருக்கிறது.

ஜெர்மேன் கடிதம் எழுதிய அடுத்த ஆண்டே, 1960 ஜனவரி 4 அன்று, காம்யு கார் விபத்தில் இறந்துபோனார். ஆசிரியர் மாணவனுக்குப் பிறகும் சில ஆண்டுகள் இருந்தார்.

மாணவரைப் பற்றி ஓர் ஆசிரியர் அன்று சொன்ன தீர்ப்பு பின்னால் எப்படிப் பலித்தது, எப்படிப் பொய்த்தது என்பது வேறு கதை. அதற்கு உதாரணம் நிறைய உண்டு. 1904-ல் கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியின் பரிசளிப்பில், இந்தப் பையனுக்கு நூற்றுக்கு நூறும் போதாது என்ற பொருளில் தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் ராமானுஜனை அறிமுகம் செய்தார். அதன் பிறகு அந்தப் பையன் கல்லூரியின் எஃப்.ஏ. தேர்வில் மீண்டும் மீண்டும் தோற்றான். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானான். இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளியில் 1949-ல் ஜான் கர்டன் என்ற மாணவனுக்கு உயிரியலில் கடைசி இடம். இவன் விஞ்ஞானியாக நினைப்பது நகைப்புக்குரியது என்று ஆசிரியர் ரிப்போர்ட்டில் எழுதினார். கர்டன் 2012-ல் மருத்துவ நோபல் வாங்கினார். இப்படிப்பட்ட கதைகளை நாம் ரசித்துப் பேசுகிறோம். ஆனால் ஓர் ஆசிரியரிடம் படித்துப் போகும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளில் யாரும் நோபல் வாங்குவதில்லை. அவர்களைத் தெருவிலும் பேருந்திலும் கல்யாண மண்டபத்திலும்தான் ஆசிரியர் பார்க்கிறார்.

பார்த்ததும் என்ன கேட்கிறார்கள்? நான் பேசிய ஆசிரியர்கள் அத்தனை பேரும் முதலில் கேட்பது “எந்த வருசம் படிச்ச?” அடுத்தது “என்ன பண்ற?” பதில் எதுவானாலும் அதில் அதிக நேரம் நிற்பதில்லை. மூன்றாவது கேள்விக்குக் குரல் மாறும்: “பிள்ளைங்க எங்க படிக்குது?” மில்லில் வேலை பார்க்கிறவர் மகள் இன்ஜினியரிங் படிக்கிறாள் என்றால், ஆசிரியர் வீட்டுக்குப் போய் இரவு சாப்பாட்டின்போது சொல்லிச் சொல்லி மகிழ்கிறார். காரில் வந்து இறங்கியவரின் மகன் பத்தாவதோடு நின்றுவிட்டான் என்றால் அன்று தூக்கம் கெடுகிறது. சம்பளத்தை வைத்து மாணவரை அளக்கும் ஆசிரியர்கள் இல்லாமல் இல்லை. இந்த மூன்றாவது கேள்வியை வைத்து அளப்பவர்கள்தான் நான் பார்த்தவர்களில் அதிகம்.

சாத்தூர் பக்கம் ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற டீச்சர் சொன்னதை விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய சத்துணவு அமைப்பாளர் வீட்டுத் துக்கத்துக்குப் போனவர், திரும்பும்போது கண்மாய்க்கரையில் நூறு நாள் வேலை நடப்பதைப் பார்த்திருக்கிறார். புளியமரத்தடியில் ஒரு பெண் நோட்டை வைத்துக்கொண்டு பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பணித்தளப் பொறுப்பாளர். டீச்சரைக் கண்டதும் எழுந்து வந்தார்.

“டீச்சர், என்னையத் தெரியுதா?”

“எந்த வருசம்மா?”

“எட்டாப்பு வரைக்கும்தான் டீச்சர் படிச்சேன். நோட்ட மூஞ்சியில விட்டெறிவீங்களே, அந்தப் பிள்ளை.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாராம். டீச்சருக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. அந்தப் பிள்ளையின் நோட்டில் எப்போதும் இரண்டு மூன்று பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். பிரித்தால் கிழியும், எழுத்து போய்விடும். விரலிலும் பசை காய்ந்து தோலாக உரியும். சுத்தமில்லாத பிள்ளை என்று வகுப்பில் எழுப்பி நிறுத்தித் திட்டியிருக்கிறார். இப்போது கையிலிருந்த நோட்டை வாங்கிப் பார்த்தார். அறுபது பெயர் போல இருக்கும். வரி கோணாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல், முத்து முத்தாக.

“ராத்திரி பெட்டி ஒட்டுவோம் டீச்சர். விளக்கு ஒண்ணுதான். பெட்டியும் நோட்டும் ஒரே பாயிலதான் கெடக்கும்.”

“ஏம்மா, அன்னைக்கே சொல்லக்கூடாதா?”

“எல்லார் வீட்லயும் அதான டீச்சர். இதுல என்ன சொல்றதுக்கு இருக்கு?”

தீப்பெட்டித் தொழில் நடக்கும் ஊர்களை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கப் போகாத பிள்ளைகளும் வீட்டில் பெட்டி ஒட்டினார்கள். கூலி குரோஸ் கணக்கு; ஒரு குரோஸுக்கு 144 பெட்டி. அன்று அந்த வட்டாரத்து வகுப்புகளில் பசை ஒட்டிய நோட்டு எத்தனையோ இருந்திருக்கும். “அந்தப் பிள்ளை நல்லா இருக்கா. மக மதுரையில நர்சிங் படிக்கிறாளாம். அதுல எனக்குச் சந்தோசம்தான்” என்றார் டீச்சர். “ஆனா அன்னைக்கிருந்து ராத்திரி படுத்தா, நோட்டு ஒட்டிக்கிட்டு வந்த மத்த பிள்ளைங்க ஒவ்வொண்ணா ஞாபகத்துக்கு வருது. அதுகள்லாம் எங்க இருக்கோ.” நான்கைந்து பேரை இனிஷியலோடு சொன்னார். யாரும் பத்தாம் வகுப்புவரை வந்தவர்கள் இல்லை.

இந்த இடத்தில் நமது முன்னாள் மாணவர் சந்திப்புகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஊருக்கு ஊர் இப்போது நடக்கிறது. நல்ல காரியம். ஆசிரியர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள், பள்ளிக்குப் பெஞ்சும் மின்விசிறியும் வாங்கித் தருகிறார்கள். மேடையில் உட்காரும் ஆசிரியர்களின் முகத்தை நான் பல கூட்டங்களில் கவனித்திருக்கிறேன். அந்த மகிழ்ச்சி நிஜமானது. ஆனால் வாட்ஸ்அப் குழுவின் பெயரைப் பாருங்கள்: ‘2002 பத்தாம் வகுப்பு பேட்ச்’. பொதுத்தேர்வு எழுதிய வருடத்தை வைத்துத்தான் பேட்ச். ஆறாம் வகுப்பில் கூடவே உட்கார்ந்து, எட்டில் பட்டாசு வேலைக்கோ திருப்பூருக்கோ போனவருக்கும், வயதுக்கு வந்ததும் நிறுத்தப்பட்ட பெண்ணுக்கும் எந்த பேட்சும் கிடையாது. யாரும் அவர்களை வேண்டுமென்று விடுவதில்லை. பட்டியல் எடுக்கும் முறையிலேயே விடுபட்டுப் போகிறார்கள். அதனால் வயதான ஆசிரியர் ஒருவர் தன் மாணவர்களின் வாழ்க்கையைக் கடைசியாக ஒருமுறை பார்க்கும்போதும், அன்று பார்க்காமல் விட்ட பிள்ளைகளே இன்றும் கண்ணில் படாமல் போகிறார்கள். இது எனக்குப் பெரிய அநியாயமாகத் தோன்றுகிறது, அந்தப் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் சேர்த்து.

சரிசெய்வது கடினமே இல்லை. ஒவ்வொரு பள்ளியிலும் சேர்க்கைப் பதிவேடு நிரந்தர ஆவணம். பழைய வருடத்துப் பதிவேட்டில் ஆறாம் வகுப்பில் சேர்ந்த அத்தனை பேரின் பெயரும், அப்பா பெயரும், ஊரும் இருக்கும். சந்திப்பு நடத்துகிறவர்கள் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் கொடுத்து, அந்தப் பக்கங்களைப் பார்த்து எழுதிக்கொண்டு அதிலிருந்து அழைப்பைத் தொடங்கலாம். வெளியூர் போனவர்களைப் பற்றி அவர்கள் தெருவில் விசாரித்தால் யாராவது சொல்வார்கள். வர விருப்பமில்லாதவர்கள் இருக்கலாம், கோபத்தோடு இருப்பவர்களும் இருக்கலாம். அழைப்பாவது போய்ச் சேரட்டும்.

சாத்தூர் டீச்சரிடம் இதைச் சொன்னேன். தன் பள்ளிக் குழுவில் இருக்கும் ஒரு பையனுக்கு அப்போதே போன் போட்டார். “பதிவேட்ட எடுக்கிற அன்னைக்கு என்னையும் கூப்பிடு. நீ பேரை மட்டும் படி, எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளைன்னு நான் சொல்லிருவேன்” என்றார்.

(தொடரும்)