பழைய ராணுவ ஜீப்பில் கார்புரேட்டர் ட்யூனிங்: ஏன் அந்த ஸ்க்ரூவைக் கடைசியில்தான் தொடணும்?

கரும்புகை கக்குது, சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகுது, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திக்குது. பழைய ராணுவ ஜீப் வைத்திருப்பவர்கள் உடனே கைவைப்பது கார்புரேட்டரில்தான். ஆனால், பல நேரங்களில் குற்றவாளி அது இல்லை!

உதாரணத்துக்கு, 'வில்லிஸ் எம்பி' ஜீப். இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் 1945 வரை வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் 6 லட்சத்துக்கும் அதிகமாகத் தயாரித்த வண்டி இது. 4 சிலிண்டர், 2.2 லிட்டர் இன்ஜின், 60 குதிரைத்திறன். இதில் இருப்பது கார்ட்டர் 'டபிள்யூஓ' கார்புரேட்டர்.

இதன் வேலை என்ன?

பெட்ரோல் முழுசாக எரிய, எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேணும். இன்றைய கார்களில் இதைக் கணக்கிட சென்சாரும் கம்ப்யூட்டரும் இருக்கின்றன. ஜீப்பில் ஒரு மிதவை, சில துளைகள், ஒரு ஸ்க்ரூ. அவ்வளவுதான்.

முதலில் எதைப் பார்க்கணும்?

இக்னிஷனை. பாயின்ட் இடைவெளி 0.020 அங்குலம், ஸ்பார்க் பிளக் இடைவெளி 0.030 அங்குலம் இருக்கணும். அடுத்து டைமிங், வால்வு இடைவெளி. மேனிஃபோல்டு கேஸ்கெட் வழியாகவோ, தேய்ந்துபோன த்ராட்டில் ஷாஃப்ட் வழியாகவோ காற்று கசிந்தால், எந்த ஸ்க்ரூவைத் திருகியும் பலன் இல்லை.

ட்யூனிங் எப்படி?

* இன்ஜின் நன்றாகச் சூடாகணும். சோக் முழுசாகத் திறந்திருக்கணும்.
* இன்ஜினை நிறுத்திவிட்டு, ஐடில் மிக்சர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே மூடி, சுமார் ஒன்றரைச் சுற்று வெளியே திறக்கணும். இறுக்கி முடுக்கினால் ஊசிமுனை கெட்டுவிடும்.
* இன்ஜினை ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகணும். உள்ளே போனால் பெட்ரோல் குறையும், வெளியே வந்தால் கூடும்.
* வேக்குவம் கேஜ் முள் அதிகபட்ச அளவில் ஆடாமல் நிற்கும் இடமே சரியான இடம். கடல் மட்டத்தில் நல்ல இன்ஜின் பொதுவாக 17 முதல் 21 அங்குலம் காட்டும்.
* கடைசியாக, த்ராட்டில் ஸ்க்ரூவில் ஐடில் வேகத்தை 600 ஆர்பிஎம் அளவுக்குக் கொண்டுவரணும்.

இந்த ஸ்க்ரூ ஐடிலிங்கை மட்டும்தான் சரிசெய்யும். ஓடும்போது வரும் கரும்புகைக்கு, மிதவை மட்டத்தையும் மீட்டரிங் ராடையும் பார்க்கணும்.

பிளக் என்ன சொல்லும்?

கழற்றிப் பார்த்தால் வெளிர் பழுப்பு நிறம் என்றால் ஓகே. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம். இப்படியே ஓட்டினால் வால்வு கருகலாம்.

இப்போது ஏன் கூடுதல் கவனம்?

இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால், பழைய செட்டிங்கில் காற்று விகிதம் கூடிவிடும். பழைய ரப்பர் டியூப்களும் பம்ப் டயாஃப்ரமும் சீக்கிரம் கெடும். ஸ்க்ரூவை லேசாக வெளியே திறந்தால் ஐடிலிங் சரியாகலாம். வேகத்தில் ஓடும்போதும் அப்படியே இருந்தால் ஜெட்டை மாற்ற வேண்டிவரும்.

மிதவை ஊசி சரியாக மூடாமல் பெட்ரோல் வழிந்தால், சூடான இன்ஜின் மேல் விழுந்து தீப்பிடிக்கலாம். இந்த ஜீப்பில் பெட்ரோல் டேங்க் இருப்பதோ டிரைவர் சீட்டுக்கு அடியில்! அதனால் திறந்தவெளியில், தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கணும். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டால், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும்.