புல்வெட்டி கிளம்பாவிட்டால் குழாயில் வாய் வைக்காதீர்கள்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் மழை பிடித்ததும் மாந்தோப்புகளில் களை மளமளவென்று எழும்பிவிடும். மாதக்கணக்கில் கொட்டகையில் கிடந்த பிரஷ் கட்டரும் பவர் வீடரும் அப்போதுதான் வெளியே வருகின்றன. கை ஓயும்வரை கயிற்றை இழுத்தாலும் இன்ஜின் கிளம்பாது. மைதானங்களில் உட்கார்ந்து ஓட்டும் பெரிய புல்வெட்டிக்கும் இதே கதிதான். பெரும்பாலும் காரணம், டேங்கில் தங்கிப்போன பழைய பெட்ரோல்.

இன்று பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். நீர் ஓர் அளவைத் தாண்டினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும்; கார்புரேட்டருக்குப் போவதும் அந்த அடிமண்டிதான். நாட்பட்ட பெட்ரோல் நுண்துளைகளில் பிசினாகவும் படிகிறது. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் போன்ற சிறு இன்ஜின் நிறுவனங்கள் 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் வேண்டாம் என்றே சொல்லி வந்திருக்கின்றன. எத்தனால் கலக்காத பெட்ரோலையும் விற்க வேண்டும் என்று கோரிய பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்துவிட்டது. எனவே, சீசன் முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் மிச்சம் தீரும்வரை இன்ஜினை ஓடவிட்டு நிறுத்துவதே விவசாயியின் கையில் உள்ள வழி.

காலி செய்யும்போதுதான் விபரீதம் நடக்கிறது. ரப்பர் குழாயை டேங்கில் விட்டு வாயால் உறிஞ்சும் பழக்கத்தை இன்றே விட வேண்டும். கொஞ்சம் பெட்ரோல் நுரையீரலுக்குள் இறங்கினாலே உயிருக்கு ஆபத்தான அழற்சி வரும். விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்கவே கூடாது; வெளியே வரும் பெட்ரோல் மூச்சுக்குழாயில் புகுந்துவிடும். உப்புத் தண்ணீர் புகட்டாமல் உடனே 108-ஐ அழையுங்கள். பெட்ரோல் இறைக்கும் சின்னக் கைப்பம்பு ஒன்று இருந்தால் இத்தனை ஆபத்தும் இல்லை.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து போய் தூரத்து அடுப்பிலோ பீடியிலோ பற்றிக்கொண்டு திரும்பும். எனவே இயந்திரத்தைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, நன்றாக ஆறவிட்டு, பிளக் ஒயரைக் கழற்றிய பிறகே டேங்க் மூடியைத் திறக்க வேண்டும்.

ஆந்திராவைவிட விலை குறைவு என்று தமிழ்நாட்டு எல்லைப் பங்குகளில் கேனில் பிடித்து வருவோர் உண்டு. 1934-ம் ஆண்டு பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாமல் உரிமம் இன்றி 30 லிட்டர் வரைதான் வைத்துக்கொள்ளலாம். உலோகக் கேன் என்றால் ஒன்று 25 லிட்டருக்குள், கண்ணாடி, பீங்கான் என்றால் ஒரு லிட்டருக்குள் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அதில் இடமே இல்லை. தாகத்தில் கைநீட்டும் குழந்தைக்கு அது தண்ணீராகத்தான் தெரியும்.

குறை பங்கிலேயே இருந்தால்? 2025 ஜூனில் மத்தியப் பிரதேச முதல்வரின் பயணத்துக்காக ரத்லாம் அருகே டீசல் நிரப்பிய 19 கார்கள் வழியிலேயே நின்றன. டேங்கைத் திறந்தால் டீசலோடு தண்ணீர். அந்தப் பங்குக்குச் சீல் வைத்தார்கள். முதல்வரின் கார்களுக்கு அன்றே கிடைத்த நியாயம் தோட்டக்காரருக்கும் உரியது. வடிதாள் சோதனை, அடர்த்திச் சோதனை, முத்திரையிட்ட 5 லிட்டர் அளவைச் சோதனை ஆகியவற்றை எந்தப் பங்கிலும் வாடிக்கையாளர் கேட்கலாம். 5 லிட்டரில் 25 மில்லி வரைதான் வித்தியாசம் இருக்கலாம்.

சந்தேகம் வந்தால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மூடியுள்ள சிறு கண்ணாடி பாட்டிலில் மாதிரி எடுத்து வையுங்கள். தண்ணீர் பிரிந்திருந்தால் அடியில் கண்ணுக்கே தெரியும். பழுதின் காரணத்தை மெக்கானிக்கிடம் எழுதி வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்ச ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. சொந்தப் பிழைப்புக்காக வாங்கிப் பயன்படுத்தும் விவசாயியும் சட்டத்தின் கண்ணில் நுகர்வோரே. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட அனுமதிக்கிறது. எல்லை தாண்டித் தமிழ்நாட்டில் பெட்ரோல் போட்ட சித்தூர்க்காரர் சித்தூரிலேயே புகார் கொடுக்கலாம்.