பெயர் சூடும் பதிவேடுகள்

மூன்றாமாண்டு, பி.எஸ்சி. கணிப்பொறி அறிவியல்

நாட்குறிப்பு எழுத நாம் மறந்தாலும் கணிப்பொறி மறப்பதில்லை. யார் உள்ளே நுழைந்தார், எந்த நிரல் பழுதுற்றது என ஒவ்வொன்றையும் நேரத்தோடு எழுதி வைக்கிறது. இப்பணிக்கென 1980களில் பெர்க்லியில் எரிக் ஆல்மன் உருவாக்கியதே 'சிஸ்லாக்' முறை. அவ்வழியில் வந்த 'ஆர்சிஸ்லாக்' நிரலை 2004-ஆம் ஆண்டில் ரெய்னர் கெர்ஹார்ட்ஸ் தொடங்கினார். லினக்ஸ் கணிப்பொறிகள் பலவற்றில் இன்று பணிபுரிவது அதுவே.

பழைய முறையில் பதிவேட்டுக் கோப்பின் பெயர் மாறாதது. எங்கள் ஆய்வகத்தின் 30 கணிப்பொறிகளும் ஒரே சர்வருக்குச் செய்தி அனுப்பியபோது, எல்லாம் ஒரே கோப்பில் சந்தைக் கூச்சல்போலக் கலந்து கிடந்தன. அவற்றைப் பிரிக்கும் பணி எனக்குத் தரப்பட்டது.

ஆர்சிஸ்லாக்கில் இதற்கு வழியுண்டு. விளையாட்டு விழாச் சான்றிதழில் பெயருக்கும் நாளுக்கும் இடம் விட்டு அச்சிடுகிறோம் அல்லவா? அதுபோலக் கோப்பின் பெயரையும் ஒரு வார்ப்புருவாக எழுதலாம். இரு விழுக்காட்டுக் குறிகளுக்கு நடுவே எழுதும் சொற்களே அதில் நிரப்ப வேண்டிய இடங்கள். செய்தி வந்ததும் நிரல் அவ்விடங்களை நிரப்பிப் பெயரைக் கண்டுபிடிக்கிறது. அப்பெயரில் கோப்பு இல்லையேல் புதிதாகப் படைத்து எழுதுகிறது. நள்ளிரவு கடந்து வரும் முதற்செய்தியோடு மறுநாளைய கோப்பு தானே பிறந்துவிடும்.

நான் பொறியின் பெயரையும் தேதியையும் வைத்து வார்ப்புரு எழுதினேன். முப்பது கோப்புகள் அழகாய்ப் பிரியும் என்று மகிழ்ந்தேன். ஒரு நாள் 12-ஆம் பொறியின் கோப்பில், தவறான கடவுச்சொல்லோடு நுழைய முயன்றதாகப் பல வரிகள் இருந்தன. அப்பொறியில் வழக்கமாக அமரும் என் நண்பன்மீது பழி விழுந்தது. அவனோ அந்நேரம் என்.சி.சி. அணிவகுப்பில் இருந்தான்!

ஆராய்ந்தபோது உண்மை புலப்பட்டது. 19-ஆம் பொறியின் வட்டு பழுதானபோது, 12-ஆம் பொறியின் வட்டைப் படியெடுத்துப் பொருத்தியிருந்தனர். பெயரை மாற்றவில்லை. இரு பொறிகளும் ஒரே பெயர் சொல்லி அனுப்பியதால் ஒரே கோப்பில் எழுதப்பட்டன. அங்கே ஒரு மாணவி தன் கடவுச்சொல்லை மறந்து தடுமாறியிருக்கிறாள், அவ்வளவே.

தவறு என்னுடையது. செய்தியில் உள்ள பெயர், அனுப்புபவர் தாமே சொல்லிக்கொள்வது. எவரும் எப்பெயரும் சொல்லலாம். எனவே ஒவ்வொரு பொறிக்கும் மாறாத ஐ.பி. எண் தரச்செய்து, செய்தி எந்த எண்ணிலிருந்து வந்ததென்று சர்வர் அறிகிறதோ அதையே கோப்பின் பெயராக்கினேன். தேதியையும் செய்தி வந்து சேர்ந்த நேரத்திலிருந்து எடுத்தேன். அனுப்பும் பொறியின் கடிகாரம் பிழையாக ஓடினாலும் கவலையில்லை.

இன்னும் இரண்டு செய்திகள். நாம் மாற்றாவிடில் ஆர்சிஸ்லாக் இத்தகைய கோப்புகளில் பத்தை மட்டுமே ஒரே சமயத்தில் திறந்து வைத்திருக்கும். முப்பது பொறிகளுக்கு அது போதாமல் ஓயாது மூடித் திறந்து தளர்ந்துபோகும். அவ்வெண்ணை உயர்த்த வேண்டும். மேலும் நாள்தோறும் பிறக்கும் கோப்புகள் தாமே மறைவதில்லை. பழையவற்றை நீக்கத் தனி ஏற்பாடு தேவை.

பதிவேடு ஒரு சாட்சி. சாட்சியின் பெயரிலேயே பிழையிருந்தால் குற்றமற்றவன் தலைகுனிய நேரும் என்பதை, ஒரு விழுக்காட்டுக் குறியின் நடுவே நான் கற்றுக்கொண்டேன்.