சர்க்கரையிற் பிறந்த நனைப்புத் திரவங்கள்

பட்டுச் சேலையைப் பூந்திக்கொட்டை ஊறிய நீரில் அலசுவது நம் நெசவாளர் இல்லங்களின் பழைய வழக்கம். தலைக்குச் சீயக்காய் தேய்ப்பதும் அத்தகையதே. இவ்விரண்டிலும் நுரை எழுப்பும் பொருளுக்குச் சப்போனின் என்று பெயர். அதன் மூலக்கூறில் நீரை விரும்பும் சர்க்கரைப் பகுதியும், எண்ணெயை விரும்பும் வேறொரு பகுதியும் இணைந்துள்ளன. ஆகவே சர்க்கரையின் துணையால் அழுக்கை நீக்குவது நமக்குப் புதியதன்று. சர்க்கரையைக் கொண்டு ஆலைகளில் செய்யப்பட்டு இன்று விற்பனைக்கு வரும் நனைப்புத் திரவங்களின் அமைப்பும் இதுவே.

இதனை அங்கத்தினர்கள் அறிவதற்கு ஒரு காரணம் உண்டு. நெசவாளர் சங்கம் ஒன்றிற்குத் தணிக்கைக்குச் சென்றிருந்தபொழுது, ஒரே மாதத்தில் சாயம் இருமுறை வாங்கப்பட்டிருப்பதைக் கொள்முதல் பதிவேட்டில் கண்டு காரணம் வினவினேன். "நூல் வேகவைக்கப் புதிதாக ஒரு வெட்டிங் ஆயில் வாங்கினோம், ஐயா. சர்க்கரையில் செய்த உயர்ந்த சரக்கு என்றார்கள். சாயம் திட்டுத்திட்டாகப் பிடித்துவிட்டது" என்றார் காரியதரிசி. பீப்பாயின் சீட்டைப் பார்த்தேன். 'சுக்ரோஸ் எஸ்டர்' என்றிருந்தது. விற்றவர் பொய் கூறவில்லை. அது சர்க்கரையில் செய்ததே. பின் பிழை எங்கே? மூலக்கூறின் அமைப்பை அறிந்தால் விடை கிட்டும்.

இத்தகைய மூலக்கூறில் வால், தலை, இணைப்பு என மூன்று உறுப்புகள் உள்ளன.

முதலாவது வால். இது பெரும்பாலும் தேங்காயெண்ணெய் அல்லது பனைவகை எண்ணெயிலிருந்து கிடைக்கும் கார்பன் சங்கிலி. 8 அல்லது 10 கார்பன் அணுக்கள் உள்ள குட்டை வால் விரைவில் நனைக்கும், நுரை குறைவு. 12 அல்லது 14 அணுக்கள் இருப்பின் அழுக்கை நன்கு நீக்கும், நுரையும் மிகும். 16க்கு மேற்பட்டால் நீரில் கரைவது அரிது. எண்ணெயையும் நீரையும் பிரியாமல் கலந்து வைக்கவே அது ஏற்றது.

வாலின் நீளம் அளவையும் தீர்மானிக்கிறது. மூலக்கூறுகள் நீரின் மேற்பரப்பை நிரப்பியபின், எஞ்சியவை நீருக்குள்ளே சிறு திரள்களாகக் கூடுகின்றன. ஒரு குளுக்கோஸ் தலையும் 8 கார்பன் வாலும் உடைய பொருளுக்கு, லிட்டருக்குச் சுமார் 6 அல்லது 7 கிராம் சேர்ந்த பின்னரே இது நிகழும். 10 கார்பனுக்கு ஒரு கிராமுக்கும் குறைவே போதும். 12 கார்பனுக்கு அதிலும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே. நீரின் பரப்பு இழுவிசை 72 என்ற அளவிலிருந்து 30க்கு அருகில் இறங்கி அங்கே நின்றுவிடும். அதற்குமேல் ஊற்றுவது அழுக்கை ஏந்திச் செல்ல உதவுமேயன்றி நனைக்கும் திறனைப் பெருக்காது. மெழுகுப் படலமுள்ள முட்டைக்கோஸ், வெங்காய இலைகளில் மருந்து தெளிக்கும் விவசாயிகள் இதனை மனத்திற் கொள்ளவேண்டும். ஒட்டும் திரவம் மிகுந்தால் மருந்து இலையில் தங்காது வழிந்துவிடும்.

இரண்டாவது தலை. குளுக்கோஸிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் நீரைப் பற்றிக்கொள்கின்றன. 12 கார்பன் வாலுடன் ஒரே குளுக்கோஸ் இருந்தால் குளிர்ந்த நீரில் நன்கு கரையாது. இரு சர்க்கரை சேர்ந்த மால்டோஸ் தலை இருந்தால் எளிதிற் கரையும். சர்க்கரையும் வாலும் அவையே ஆயினும், பொருந்தும் திசை மாறினாற்கூடக் கரையும் தன்மை மாறுகிறது. சோப்பின் தலைக்கு மின்னூட்டம் உண்டு. கடின நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்துடன் கூடி அது பிசுக்காகிறது. சர்க்கரைத் தலைக்கு மின்னூட்டம் இல்லாமையால் அத்தொல்லை இல்லை. நம் கிணற்று நீருக்கு இது பெருநன்மை.

மூன்றாவது இணைப்பு. இதுவே நம் காரியதரிசியின் துன்பத்திற்கு மூலம். எமில் ஃபிஷர் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1893ஆம் ஆண்டில், அமிலத்தின் துணையால் சர்க்கரையை ஆல்கஹாலுடன் இணைக்கும் முறையை வெளியிட்டார். அவ்வாறு பிறக்கும் குளுக்கோசைடு இணைப்பு காரத்தைத் தாங்கும். சூடான அமிலத்தில் பிரிந்துவிடும். சுக்ரோஸ் எஸ்டரோ இதற்கு மாறானது. அதில் கரும்புச் சர்க்கரை கொழுப்பு அமிலத்துடன் எஸ்டராக இணைந்துள்ளது. உணவுப் பண்டங்களில் எண்ணெயையும் நீரையும் கலக்க அது சிறந்தது. ஆனால் காரம் அவ்விணைப்பை அறுத்துவிடும். எண்ணெயில் காரமிட்டுச் சோப்புக் காய்ச்சுவதும் இதே வினைதான்.

அச்சங்கத்தில் நடந்தது இப்பொழுது விளங்கும். நூலைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்தபொழுது எஸ்டர் சிதைந்து, சர்க்கரை வேறாகவும் சோப்பு வேறாகவும் பிரிந்தது. அந்தச் சோப்பு கடினமான கிணற்று நீரில் பிசுக்காகிச் சிட்டங்களில் படிந்தது. படிந்த இடங்களிற் சாயம் ஏறவில்லை. குளுக்கோசைடு வகையை வாங்கியிருப்பின் இந்நஷ்டம் நேர்ந்திராது.

ஆகவே இனி வாங்குமுன் மூன்று வினாக்களை எழுப்புக: வாலில் எத்தனை கார்பன்? தலையில் எத்தனை சர்க்கரை? இணைப்பு எஸ்டரா, குளுக்கோசைடா? விடை கிடைத்த பின்னும், உங்கள் கிணற்று நீரிலேயே ஒரு சிறு சிட்டத்தை இட்டு, அது மூழ்க எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். அதே திரவத்தில் ஒரு சிட்டத்தை வேகவைத்துச் சாயமிட்டும் பாருங்கள். ஒரு சிட்டம் கெட்டாலும் பொறுக்கலாம். ஒரு தொட்டி நூல் கெட்டால் அது அங்கத்தினர் அனைவரின் பணமன்றோ?