பொதுப் பிரிவு எவருக்கும் தனிச்சொத்து அல்ல: தலித் முன்னாள் படைவீரர்களின் வேலை உரிமை

1890-களில் ஆங்கிலேய இந்தியப் படை மகர்களைச் சேர்ப்பதை நிறுத்தியது. 'போர்க்குணச் சாதிகள்' என்னும் கோட்பாடு அதற்குத் துணைநின்றது. ஓய்வுபெற்ற படைவீரரான கோபால் பாபா வலங்கர் அத்தடையை எதிர்த்து மனு எழுதினார். படையில் சேரும் உரிமைக்கான போராட்டம் அது. படையிலிருந்து ஓய்வுபெற்று வரும் தலித் ஒருவர் குடிமைப் பணிக்கு விண்ணப்பிக்கும்போது, சட்டம் அவரை எதுவரை காக்கிறது என்பதே இன்று நாம் கேட்க வேண்டிய கேள்வி.

முன்னாள் படைவீரர்களுக்கான மத்திய அரசின் 1979ஆம் ஆண்டு விதிகள், 'சி' பிரிவுப் பணிகளில் 10 விழுக்காட்டையும், அன்றைய 'டி' பிரிவில் 20 விழுக்காட்டையும் அவர்களுக்கு ஒதுக்கின. இது கிடைமட்ட ஒதுக்கீடு. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் உரியது செங்குத்து ஒதுக்கீடு. கிடைமட்ட ஒதுக்கீடு செங்குத்துப் பிரிவுகளை ஊடறுத்துச் செல்லும் என்று 1992இல் இந்திரா சாஹ்னி வழக்கில் உச்சநீதிமன்றம் விளக்கியது.

சிக்கல் இங்கேதான் எழுகிறது. 'பொதுப் பிரிவு – முன்னாள் படைவீரர்' என்று அறிவிக்கை குறிப்பிட்டால், அந்த இடம் இடஒதுக்கீடு பெறாத சாதியினருக்கே உரியது என்று தேர்வு அமைப்புகள் பொருள்கொள்வதுண்டு. அவ்வாறு கொண்டால், 70 மதிப்பெண் பெற்ற தலித் படைவீரர் பட்டியல் சாதிப் பிரிவுக்குள் நிறுத்தப்படுவார். 62 பெற்ற வேறொருவர் பொதுப் பிரிவு இடத்தைப் பெறுவார். அப்போது இழப்பு இருவருக்கு. தகுதியால் முன்னேறியிருக்க வேண்டியவர் ஒருவர். பட்டியல் சாதிப் பிரிவில் அவருக்கு அடுத்து நின்ற இன்னொரு தலித் படைவீரர் மற்றவர்.

இவ்வகைக் கணக்கு தவறு என்று 2020 டிசம்பரில் சௌரவ் யாதவ் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. உத்தரப் பிரதேசக் காவலர் தேர்வில் பெண்களுக்கான இடங்கள் குறித்த வழக்கு அது. பொதுப் பிரிவு எச்சாதிக்குமான ஒதுக்கீடு அன்று, அது எல்லோருக்கும் திறந்தது என்பதே அத்தீர்ப்பின் சாரம். கிடைமட்ட ஒதுக்கீட்டின் இயல்பிலிருந்து பிறந்த நெறி என்பதால், அது முன்னாள் படைவீரர்களுக்கும் பொருந்தும் என்பது நம் வாதம். எனினும், வயது அல்லது மதிப்பெண் தளர்வைப் பயன்படுத்தியவர் பொதுப் பிரிவுக்கு மாற முடியுமா என்பது அந்தந்தத் தேர்வு விதிகளைப் பொறுத்தது. விதிகளை முதலில் படிக்க வேண்டும்.

தனியார் துறையிலோ நிலைமை வேறு. அரசமைப்பின் 16ஆம் பிரிவு அரசுப் பணிகளை மட்டுமே தழுவுகிறது. அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டம், படைப்பணியைக் காரணம் காட்டி வேலை மறுப்பதைத் தனியார் முதலாளிக்கும் தடை செய்கிறது. இந்தியாவில் அதற்கு இணையான பொதுச் சட்டம் இல்லை. வேலைக்கு ஆள் எடுப்பதில் சாதிப் பாகுபாட்டைத் தனியாருக்குத் தடை செய்யும் முழுமையான சட்டமும் இல்லை. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றமாக்கியிருக்கிறது. ஆனால் நேர்காணல் அறைக்குள் நிகழும் மறுப்பை அதன்கீழ் மெய்ப்பிப்பது கடினம்.

ஆகவே செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, முடிவு வெளியானவுடன் பிரிவுவாரியான கட்-ஆஃப் மதிப்பெண்களை ஒப்பிடுவது. பொதுப் பிரிவுப் படைவீரருக்கான கட்-ஆஃப் பட்டியல் சாதிப் படைவீரருக்கானதைவிடக் குறைவாக இருந்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தேர்வுப் பட்டியலைக் கேட்டுப் பெற்று, காலந்தாழ்த்தாமல் உயர்நீதிமன்றத்தை அணுக வேண்டும். பணி இழக்கக்கூடிய தேர்வரை எதிர்மனுதாரராகச் சேர்க்கத் தவறினால் வழக்கு அக்குறையாலேயே தோற்கலாம். இரண்டாவது, தனியார் துறைக்கும் பொருந்தும் பாகுபாட்டு எதிர்ப்புச் சட்டத்தைக் கோருவது. முதலாவது வழக்கறிஞர் துணையோடு முடியும். இரண்டாவதற்கு இயக்கம் வேண்டும்.