படுத்தால் உதவாது, நிமிர்ந்தால் பட்டடை!

திங்கள் முதல் வெள்ளி வரை ஆபீஸில் ஃபைல் தட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கொல்லைப்புறத்தில் இரும்பு தட்டுகிறேன். முதலாவதற்குச் சம்பளம் உண்டு. இரண்டாவதற்கு வீட்டில் திட்டு உண்டு.

உலை சுலபமாக அமைந்துவிட்டது. பழைய லாரி பிரேக் டிரம், அடுப்புக்கரி, துருத்திக்குப் பதிலாக ஹேர் டிரையர். (“என்னங்க, என் டிரையரைக் காணோம்?” விசாரணை இன்னும் முடியவில்லை!)

பட்டடைக்குத்தான் திண்டாட்டம். அதாங்க, சூடான இரும்பைக் கீழே வைத்து அடிக்கிற கல். காயலான் கடையில் பழைய 20 கிலோ எடைக்கல் கிடைத்தது. ‘கனமாத்தானே இருக்கு’ என்று ஓங்கி ஒரு போடு போட்டேன். விளிம்பு தெறித்து, கண்ணாடியின் இடது பக்கத்தைப் பதம் பார்த்தது. கண்ணாடி போடாத ஆசாமியாக இருந்தால்..? அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஊருக்குப் போனபோது பட்டறைப் பெரியவரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை அவர்.

“அது வார்ப்பிரும்பு தம்பி. கனம் இருக்கும், அடி தாங்காது. தண்டவாளத் துண்டு பாருங்க.”

பார்த்தேன். ஆனால் ரயில்வே சொத்தை முறைகேடாக வைத்திருந்தால் 1966-ம் வருஷத்துச் சட்டப்படி 5 வருஷம் வரை உள்ளே தள்ளலாம். அதனால் ரயில்வே ஏலத்தில் எடுத்த வியாபாரியிடம் பில்லோடு வாங்கினேன். மீட்டருக்கு 52 கிலோ ரகம். அரை மீட்டர், 26 கிலோ. படுக்க வைத்து அடித்தால் சுத்தியல் அடிக்கு அதுவும் சேர்ந்து துள்ளியது. மறுபடி பெரியவரிடம் ஓடினேன்.

“படுத்திருக்கறவன்கிட்ட வேலை வாங்க முடியுமா தம்பி? எழுப்பி நிக்க வையுங்க!”

(எங்கள் ஆபீஸுக்கும் பொருந்தும்.) நிற்க வைத்தால் மொத்தக் கனமும் அடிக்கு நேர் கீழே வந்துவிடுகிறது. மரக்கட்டையில் குழி வெட்டி இறக்கினேன். கையைத் தொங்கவிட்டு முஷ்டி பிடித்தால் விரல்முட்டி எங்கே வருகிறதோ, அதுதான் உயரம். முதுகு பிழைத்தது.

அப்புறம் மற்ற சாமான்கள். கரண்டிக் குழிக்கு, குடைந்த மரக்கட்டை. கம்பி வளைக்க, பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு போல்ட். சூட்டோடு வெட்ட, லாரிப் பட்டாவில் ஓர் உளி. இரும்பு பதமா என்று பார்க்க ஒரு காந்தம். சுமார் 770 டிகிரி தாண்டினால் ஒட்டாது.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஜி.ஐ. பைப்பை மட்டும் நெருப்பில் வைக்காதீர்கள். வைத்தேன். வெள்ளைப் புகை வந்தது. ராத்திரி கிடுகிடுவென்று குளிர் ஜுரம். துத்தநாகப் பூச்சு செய்த வேலை!

போன மாதம் முதல் முறையாக ஒரு கொக்கி உருப்படியாக வந்தது. பெரியவரிடம் எடுத்துப் போனேன். அவர் பட்டறையில் உலை அணைந்து கிடந்தது.

“என் பையன் உங்கள மாதிரி ஆபீஸ்ல இருக்கான். இந்தப் பக்கமே வர்றதில்ல. நீங்க ஆபீஸ்லேர்ந்து இங்க வர்றீங்க...”

கொக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘பிரமாதம்’ என்பார் என்று காத்திருந்தேன்.

“கழுத்து கொஞ்சம் கோணல். இன்னொண்ணு செய்யுங்க” என்றார். ஆனால் கொக்கியைத் திருப்பித் தரவில்லை. சுவரில் ஆணி அடித்து, தன் சட்டையை அதில் மாட்டிக்கொண்டார்.